கிரகணத்துக்கு வெட்டிய காலின் படம்

ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். உள்ளே எலும்பு குடைந்தது. ஆறாவது வாரம் வலியே இல்லை. டாக்டர், "இன்னும் சேரல" என்றார். இப்போது மூன்றாவது மாதம், வலிக்கிறது. என்ன சொல்வாரோ, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நான் பேருந்து ஓட்டுநர். ஏரலில் வண்டியிலிருந்து இறங்கும்போது வழுக்கி, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. கிளட்ச் மிதிக்கும் கால்.

டாக்டர் புது எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

"கறுப்புக் கோடு தெரியுது. மூடிக்கிட்டு வர்ற கோடா, அப்படியே நின்னுபோனதான்னு இத மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. ஆறாவது வாரப் படத்தக் குடுங்க. நின்னுபோயிருந்தா ஆபரேஷன் பண்ணித் தகடு வைக்கணும்."

தகடு வைத்த காலுக்குப் பணிமனையில் ஏதாவது வேலை கிடைக்கும். ஸ்டியரிங் கிடைக்காது. பயத்தோடு உறையைப் பிரித்தேன். முதல் நாள் படம் முழுசாக இருந்தது. அது எலும்பை நேராக்குமுன் எடுத்தது, ஒப்பிட உதவாது. ஆறாவது வாரப் படத்தில் என் குதிகால் மட்டும் மிச்சம். மேலே கத்தரி போட்டிருந்தது.

என் மனைவி செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டாள். போன வாரம் கிரகணம். எக்ஸ்ரே படம் வழியாகச் சூரியனைப் பார்ப்பது அப்போது ஊர் வழக்கம். கண்ணுக்குக் கெடுதல் என்று டாக்டர் அதற்கும் சேர்த்துத் திட்டினார். "நாளைக்குள்ள தேடிக் கொண்டாங்க" என்றார்.

வெட்டியவன் செண்பகத்தின் தம்பி சங்கரன்.

"காலுதான் தேறிட்டே, பழைய படம் எதுக்குன்னு நெனச்சேன் அத்தான்."

"ஏலே, என் கால யாருக்கெல்லாம் பங்கு வச்சே?"

தச்சநல்லூரில் எங்கள் தெரு முழுக்க என் கால் போயிருந்தது. கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு வீடு வீடாகக் கேட்டேன். கணுக்கால் கிடைத்தது, முழங்கால் கிடைத்தது. முறிவைக் காணோம். கடைசியில் மளிகைக்கடை அண்ணாச்சி, சாமிப்பட நாள்காட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டை உருவினார்.

"உம்ம எலும்பு உதவாது வே. மத்தவன் துண்டெல்லாம் கருப்பா இருந்துச்சு. இதுல வெள்ளையா இருந்த எடத்துல கண்ணு கூசிட்டு."

அந்த வெள்ளைக்கு நடுவே என் கறுப்புக் கோடு இருந்தது. அண்ணாச்சியைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஸ்கேலால் அளந்தார். பழைய கோடு அகலம். புதியது மெலிந்து, இருபுறமும் பஞ்சு ஒட்டியதுபோல் வெளுத்திருந்தது. கேலஸ் (முறிவைச் சுற்றி உடம்பு தானே வளர்க்கும் புது எலும்பு) என்றார். ஆபரேஷன் வேண்டாம்.

"அப்போ ஏன் சார் வலிக்கி?"

"ஊன்றிப் பழகுதீங்கல்லா, வலிக்கத்தான் செய்யும். வலிய வச்சு எலும்ப அளக்க முடியாது."

அது இன்றும் எனக்கு முழுசாகப் புரியவில்லை. கால் என்னுடையது, சேதி மட்டும் படத்திலிருந்து வருகிறது. கட்டுப் போட்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பழைய படத்தைப் பத்திரமாக வையுங்கள். ஒற்றைப் படத்தில் நாள் நகர்ந்தது தெரியாது.

மீண்டும் ஏரல் வண்டி எடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு படம் எடுத்தார்கள். கோடே இல்லை. செண்பகம் அழுதுவிட்டாள். நானோ அண்ணாச்சி தந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, முறிந்த இடம் எங்கே என்று காலில் தடவித் தேடிக்கொண்டிருந்தேன்.