கீழ் அறை அக்காவுடையது

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. அதைச் சொன்னால்தான் மற்றதன் கனம் தெரியும். கொள்ளிடக்கரையில் மணல் சுமந்தேன். வாடகைக்கு வாங்கிய பலகைகளை வைத்துக்கொண்டு தளத்துக்கு முட்டுக் கொடுக்கும் சென்ட்ரிங் தொழிலில் இறங்கினேன். இரண்டு தடவை வெள்ளத்தில் எல்லாம் போயிற்று, மூன்றாம் தடவையும் வாங்கினேன். இன்றைக்குத் திருவானைக்காவலில் இரும்பு ஷீட்டும் முட்டும் அடுக்கிய குடோன் ஒன்று இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் எந்தத் தெருவில் என்னை இறக்கிவிட்டாலும், என் முட்டின் மேல் நின்று காய்ந்த தளம் ஒன்றையாவது காட்டுவேன். மகளை முசிறியில் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தேன். மகனை இன்ஜினியர் ஆக்கினேன். மாடி வீடு கட்டி, வாசலில் கருங்கல்லில் என் பேரை வெட்டிப் பதித்தேன். ஒருத்தரிடமும் கை நீட்டவில்லை. நடக்க முடியாத அக்காவை ராணி மாதிரி வைத்திருக்கிறேன்.

இந்தப் பட்டியல் தடங்கல் இல்லாமல் வருகிறதென்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. போன வருஷம் ஒரு மத்தியானம் இதே வரிசையில், இதே குரலில், என் வாசலில் நின்று ஒரு பெண்ணிடம் ஒப்பித்தேன். கடைசி இரண்டும் பொய். அந்தப் பொய்யால் அக்காவின் பென்ஷன் நின்றது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிட்டது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு காலும் போய்விட்டன. கைகளில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு தரையில் நகர்ந்து நகர்ந்தே வளர்ந்தாள். அப்பா அம்மா போன பிறகு, கால் இல்லாதவள் என்பதால் அரசாங்கத்தில் அவள் பேருக்குப் பட்டாவும் ஓர் அறை வீடும் கிடைத்தன. நான் அப்போது புதிதாகக் கல்யாணம் ஆனவன். வாடகை கட்ட முடியாமல் சாமான்களோடு தெருவில் நின்றேன். "இங்க வாடா. குறுக்க ஒரு புடவையக் கட்டுனா ரெண்டு ரூமு" என்றாள். அந்தப் புடவைக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஏழு வருஷம் இருந்தோம். என் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள்.

கொஞ்சம் தலையெடுத்ததும், அவள் அறையைச் சுற்றித் தூண் எழுப்பி மேலே மாடி போட்டேன். என் பேர்க்கல் பதிந்திருப்பது அவள் அறையின் முன்சுவரில். அன்றைக்கு அவள், "எழுத்து நல்லா வெட்டியிருக்கான்" என்று மட்டும் சொன்னாள்.

பென்ஷனும் பட்டா கிடைத்த காலத்திலிருந்தே அவளுக்கு வந்துகொண்டிருந்தது. முதலில் தபால்காரர் கொண்டுவருவார். வாசல்படியில் உட்கார்ந்து அவள் கையெழுத்துப் போடுவாள், என்னைவிட அழகான கையெழுத்து. பிறகு பேங்க் ஏஜென்ட் ஒரு மிஷினோடு வந்தார். அதில் விரலை வைத்தால் போதும். அதுவும், புடவைக்கு ஃபால்ஸ் தைத்து, ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து வருகிறதும்தான் அவள் வரும்படி. தனி அடுப்பு, தனி சிலிண்டர், காலையில் அவள் பேரைச் சொல்லிப் போடும் ஒரு பால் பாக்கெட், ஏகாதசிக்கு ஏகாதசி கோயில் வாசல்வரை ஆட்டோ. படிக்கட்டில் குழம்புக் கிண்ணம் மேலேயும் போகும், கீழேயும் வரும். ஆனால் அவள் சோறு அவளுடையது.

அந்தப் பென்ஷன் கிடைக்க, 'ஆதரிக்க யாரும் இல்லை' என்று சான்றிதழ் வேண்டியிருந்தது. அதற்காக அலைந்தவன் நான்தான். அப்போது அதில் கூச்சம் இல்லை, ஏனென்றால் அது நிஜம். நான் வசதியான பிறகு அதே வார்த்தை உறுத்த ஆரம்பித்தது. டீக்கடையில் என்னோடு மணல் சுமந்த ஒருத்தன் ஒரு நாள், "என்ன முதலாளி, ஒங்களுக்கு மாடி, அக்காவுக்கு கவர்மென்ட்டு சோறா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, அவனுக்கும் சேர்த்து டீ சொன்னேன். ஆனால் அது உள்ளே தங்கிவிட்டது.

அதன் பிறகுதான் புது முறை வந்தது. பழைய அட்டை, பழைய பென்ஷன் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறார்கள், வீட்டுக்கே வந்து விசாரித்து ஏற்றுவார்கள் என்றார்கள். அக்கா தன் காகிதங்களையெல்லாம் ஒரு துணிக்கடைப் பையில் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பையில் ரெட்டை ஜடையோடு அவள் படம் ஒட்டிய பழைய ஊனமுற்றோர் அடையாளப் புத்தகமும் இருந்தது.

கணக்கெடுக்கும் பெண் கையில் போனோடு வந்தாள். அக்கா வாசலுக்கு நகர்ந்து வந்து, "போட்டோ எடுப்பீங்கல்லம்மா? புடவை மாத்திக்கிட்டு வந்துடுறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். கால் இல்லாதவள் புடவை மாற்றக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரம்தான்.

நான் மாடியிலிருந்து இறங்கி வந்தேன். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றார்கள். டீக்கடையில் கேலி செய்தவனும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வேடிக்கை பார்த்தான்.

"நீங்க யாருங்கய்யா?"

"கூடப் பொறந்தவன்மா."

"வீடு யாருதுங்க?"

நான் கல்லைக் காட்டினேன். "படிச்சுப் பாரும்மா." அதோடு நின்றிருக்கலாம். மணல் சுமந்ததிலிருந்து இன்ஜினியர் மகன்வரை முழுக்கச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அக்கா தனியா சமைக்கிறாங்களா, இல்ல உங்களோடவா?"

"தனியாவா? நான் இருக்கையில அவங்க எதுக்கு அடுப்படிக்குப் போகணும்? மூணு வேளையும் மேலேருந்து இறங்குதும்மா." டீக்கடையில் கேலி செய்தவன் பக்கம் பார்த்துக்கொண்டுதான் இதைச் சொன்னேன்.

"அப்ப பென்ஷன் பணம்?"

"அது கெடக்கு, வெத்தலை பாக்குச் செலவுக்கு."

அவள் கட்டைவிரலால் ஒவ்வொன்றையும் போனில் தட்டினாள். "ரொம்ப நல்லாப் பாத்துக்குறீங்கய்யா. இந்த மாதிரி வீடு நான் பாத்ததில்ல" என்றாள். உண்மையைச் சொல்கிறேன், அத்தனை சந்தோஷமாக நான் இருந்து வெகு நாளாகியிருந்தது.

கதவு திறந்தது. மஞ்சள் புடவையில் அக்கா வந்து உட்கார்ந்தாள். தலைக்கு மேலே என் பேர்க்கல் தெரிய அந்தப் பெண் படம் எடுத்தாள். "தம்பியே எல்லாம் சொல்லிட்டாங்கக்கா. இங்க விரல் வைங்க போதும்" என்றாள் அந்தப் பெண். அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். விரலை வைத்தாள்.

அடுத்த மாதம் மிஷினில் ஒன்றும் வரவில்லை. மாத்துற நேரம், முன்னே பின்னே ஆகும் என்றேன். அதற்கடுத்த மாதமும் இல்லை. பால் பாக்கெட் நின்றது. ஏகாதசிக்கு ஆட்டோ வரவில்லை. கேட்டால், "முட்டி வலிக்குதுடா" என்றாள். ஆட்டோவில் போகிறவளுக்கு முட்டி வலி ஒரு தடையா? என் மனைவி தட்டில் சோறு போட்டு அனுப்பினால், குழம்பை மட்டும் எடுத்துக்கொண்டு சோற்றைத் திருப்பி அனுப்பினாள்.

இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் திரையைப் பார்த்து வாசித்தாள்: "சகோதரர் பராமரிப்பில் உள்ளார். சகோதரரின் சொந்த மாடி வீடு. அதனால நிறுத்தியிருக்காங்க சார்." என் வாயிலிருந்து வந்ததை இன்னொருத்தி வாயால் கேட்டேன். பக்கத்தில் நின்றவர், "நல்ல தம்பி போல" என்றார். வெளியே வந்தேன்.

நேராகப் போய் உண்மையைச் சொன்னேனா? இல்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொடுக்கிறவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கணக்கெடுக்க வந்தவங்க சரியா விசாரிக்காம போட்டுட்டாங்கன்னு எழுதிடுறேன். எல்லாரும் அப்படித்தான் குடுக்குறாங்க. சீக்கிரம் முடியும்" என்றார். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அக்கா ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"மனு குடுத்துட்டேன்க்கா. அந்தப் பொண்ணு தப்பா ஏத்திவிட்டுடுச்சு."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அந்தப் பொண்ணா?"

நான் மனு ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"ஜன்னல் தெறந்துதான்டா இருந்துச்சு."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானேக்கா?"

"எப்படிச் சொல்றது? நாலு பேரு நிக்கிறாங்க. எந்தம்பி பொய் சொல்றான்னு வாசல்ல ஒக்காந்து கத்தவா?" அடுத்த கொக்கியை எடுத்தாள். "மூணு வேளையும் இறங்குதுன்னியே, அதைக் கேட்டு எனக்கு உள்ள சிரிப்பு வந்துடுச்சு. ஒம் பொண்டாட்டி கேட்டிருந்தா மாடியிலேருந்தே விழுந்திருப்பா."

அவள் சிரித்தாள். திட்டியிருந்தால் எதிர்த்து ஏதாவது பேசியிருப்பேன். எனக்கு அது வரும். சிரித்தவளிடம் என்ன பேசுவது? படியேறி மேலே போய், வெயில் காய்கிற மொட்டைமாடியில் சும்மா நின்றேன். காலுக்கு அடியில் என் தளம், அதற்கும் அடியில் அவள் அறை.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தாள். இந்தத் தடவை முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஐயா, நான் விசாரிக்கலன்னு எழுதிக் குடுத்தீங்களாம். ஆபீஸ் மேடம் கூப்ட்டுக் கேட்டாங்க. இது டெம்பரவரி வேலைங்க. நீங்க சொன்னதைத்தானே போட்டேன்?"

அக்கா உள்ளிருந்து நகர்ந்து வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். என் மனைவி படிக்கட்டின் பாதியில் நின்றபடி, "ஏங்க, அன்னைக்கு அத்தனை பேசுனீங்களே. இன்னைக்கு வாய் எங்க போச்சு?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன். "நான் சொன்னதைத்தான் போட்ட. சொன்னது பொய்." இவ்வளவுதான் வந்தது. எத்தனையோ தளத்தில் முட்டு சரிந்து ஓடியிருக்கிறேன், இங்கே ஓட இடமில்லை.

அவள் போனை எடுத்துக்கொண்டு அக்கா பக்கம் திரும்பினாள். இந்தத் தடவை என்னைக் கேட்கவே இல்லை. நானும் தள்ளி, தெருவுக்குப் போய் நின்றுகொண்டேன். அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"கீழ் ரூமு என்னுது. பட்டா இந்தா இருக்கு பாரு. மேல தம்பியோடது."

"சமையல்?"

"என் அடுப்பு, என் சோறு. உள்ள வந்து பாத்துக்கம்மா."

"தம்பி உதவி உண்டாக்கா?"

"ஒத்தாசை உண்டு. பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் அந்தக் காலத்துல அவன்தான் சைக்கிள்ல என்னத் தூக்கி வச்சு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சான். அதையும் எழுதிக்கம்மா" என்றாள்.

அந்தப் பெண், "அதுக்கு இதுல எடம் இல்லக்கா" என்றாள்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. நான் அவளை ஒரு வெத்தலை பாக்குச் செலவாக்கினேன். அவள் என் சைக்கிளை மறக்காமல் வைத்திருந்து, யாரோ ஒரு பெண்ணிடம் எழுதிக்கொள்ளச் சொல்கிறாள்.

மறுநாள் தாலுகா ஆபீஸுக்குப் போனேன். கணினி முன்னால் இருந்த எழுத்தர் என் மனுவைத் தேடி எடுத்தார்.

"மறு விசாரணை வந்திருச்சுங்க பெரியவரே. பென்ஷன் திரும்ப வந்துடும். 'கள ஆய்வில் தகவல் பிழை'ன்னு போட்டு ஒங்க மனுவை முடிச்சிடுறேன். போயிட்டு வாங்க."

"பிழை இல்ல சார்."

"என்னது?"

"அந்தப் பொண்ணு பிழை பண்ணல. நான் சொன்னேன். அப்படிப் போடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பெரியவரே, ஒங்களுக்கு வேண்டியது பென்ஷன். அது வந்துடும். யாரு சொன்னா என்னங்க?"

"தப்பு அந்தப் பொண்ணு பேருலதானே நிக்கும், சார்?"

"இதுல அஞ்சு காரணம்தான் இருக்கு. தேர்ந்தெடுத்து அழுத்தணும். தம்பி பொய் சொன்னாருன்னு ஒரு காரணம் இதுல கெடையாது."

பின்னால் வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் நகரவில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். முந்தின ராத்திரி நானே எழுதியது, நாலாம் வகுப்புக் கையெழுத்து. மனு எழுதுகிறவரிடம் போகவில்லை. அதில் இருந்தது இவ்வளவுதான்: கீழ் அறை என் அக்காவுடையது. அவளுக்கு நான் சோறு போட்டதில்லை. ஏழு வருஷம் அவள்தான் எனக்கு இடம் கொடுத்தாள். அவள் பென்ஷன் நின்றதற்குக் காரணம் என் வாய். கணக்கெடுத்த பெண் மேல் குற்றம் இல்லை.

"இதைச் சேத்து வைங்க சார்."

"கம்ப்யூட்டர்ல ஏறாதுங்க."

"ஃபைல் கட்டுல வைங்க. சீல் அடிச்சு எனக்கு ஒரு நகல் குடுங்க. நாளைக்கு யாராவது அந்தப் பொண்ணைக் கேட்டா எடுத்துக் காட்டட்டும்."

ஊரில் எத்தனை தளம் என் முட்டின் மேல் நின்று காய்ந்தது என்று சொல்லியே இத்தனை வருஷம் எல்லாரிடமும் பேர் தேடியவன் நான். கேட்காத இடத்திலும் கல்லில் வெட்டி வைத்தவன். இதை மட்டும் யாரோ ஒருத்தி பேரில், பிழை என்று எழுதி முடித்துவிட எப்படிச் சம்மதிப்பேன்? இது நான் செய்தது. என் பேரைப் போடுங்கள்.