கண்ணில்லாத தலைகள்

பிள்ளைகளா, நீங்கள் சிறுசாக இருந்தபோது திண்டுக்கல்லில் நம் கறிக்கடைக்கு ஒரு பெண் ஐஸ் பெட்டியோடு வருவார். கறி கேட்க மாட்டார். "அண்ணே, இப்ப வெட்டுனதா? கண்ணு மட்டும் போதும்" என்பார். காலேஜில் ஆராய்ச்சி செய்வதாகச் சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆட்டுக் கண்ணில் ஆராய என்ன இருக்கிறது? இருந்தாலும் மறுக்க வாய் வராமல் தோண்டிக் கொடுத்துவிடுவேன்.

வம்பு அதில்தான் வந்தது. தலைக்கறி வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பதே கண்ணைத்தான். கண் தெளிவாக இருந்தால் ஆட்டுக்குச் சீக்கில்லை என்று கணக்கு. வேடசந்தூர் மில்லில் வேலை பார்த்த ஒரு வாடிக்கைக்காரர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏலே அப்பு, கண்ண எங்க? சீக்கு ஆட்ட வெட்டிட்டு நோண்டி எறிஞ்சுட்டியா?"

"ஆராய்ச்சிக்குக் குடுத்தேண்ணே."

"ஆராய்ச்சியாம்! கண்ணாஸ்பத்திரில மனுசனுக்கு வைக்கத்தான் வாங்கிட்டுப் போறாக. வெவரங்கெட்ட பய!"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். கல்லாவில் இருந்த உங்கள் அம்மா சிரிக்கவில்லை. சர்க்கரை நோயால் இளவயதிலேயே அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. உங்கள் முகமே புகைக்குள் தெரிவதுபோல் இருக்கிறது என்பாள். மறுவாரம் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன். அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள்: "நான் வரலங்க. ஆட்டுக் கண்ண வச்சுக்கிட்டு எம்புள்ளைகள எப்படிப் பாப்பேன்?"

அப்படியெல்லாம் இருக்காது என்றேன். உள்ளுக்குள் எனக்கும் உறுத்தியது.

அடுத்த முறை அந்தப் பெண் வந்ததும் அம்மாவே மறித்தாள்.

"இந்தக் கண்ண என்ன பண்றீக? மனுசனுக்கு வைக்கவா? மறைக்காமச் சொல்லுங்க."

அவர் கோபப்படவில்லை. "தலைக்கறி வேக வச்சா கண்ணுக்குள்ள வெள்ளையா கோலி மாதிரி வருமேக்கா?"

"அது தெரியாமயா இம்புட்டு நாளா ஆக்குறேன்?"

"பச்சையா இருக்கப்ப அது கண்ணாடி கணக்கா இருக்கும். உள்ள இருக்கது புரதம், நூல் மாதிரி. ஒழுங்கா மடிஞ்சிருந்தா வெளிச்சம் போகும். சூடு பட்டா மடிப்புக் கலஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிரும், வெளுத்துரும். உங்க கண்ணும் வெளுத்திருக்கே, அதுல சூடு இல்லாமலே கொஞ்சங்கொஞ்சமா ஒட்டியிருக்கு. ஏன் ஒட்டுதுன்னுதான் பாக்குறோம்."

"அப்பப் பிரிச்சு விட வேண்டியதுதான?"

"வெந்த முட்டையப் பச்சையாக்க முடியுமாக்கா? அதான் அத எடுத்துட்டு பிளாஸ்டிக் வில்லை வைக்கிறாங்க. ஆட்டுது இல்ல."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவீக" என்று அம்மா வழியை விட்டாள்.

அன்றைக்குக் கண் தோண்டாத ஒரு தலையை எடுத்துக் கறி ஆக்கினாள். வெந்த கண்ணைப் பிதுக்கி, உள்ளே இருந்த வெள்ளை உருண்டையை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "வாரேன். ஆனா அந்த வில்லைய முதல்ல என் கையில குடுக்கச் சொல்லுங்க, பாக்கணும்" என்றாள்.

ஆஸ்பத்திரியில், காட்டுவதற்கென்று வைத்திருந்த ஒரு வில்லையைக் கொடுத்தார்கள். டாக்டர் பார்க்கும்போதே அதை மோந்து பார்த்தாள், கறிவாடை அடிக்கிறதா என்று.

கட்டு அவிழ்த்ததும் உங்களைப் பக்கத்தில் இழுத்து, முகத்தைத் தடவாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இந்த அழுக்குச் சட்டையோடயா இம்புட்டு நாளும் கடையில நின்னீக?"

மற்றக் கண்ணுக்கும் முடிந்து மறுபடி கல்லாவுக்கு வந்த நாளில் அதே மில்காரர் கண்ணில்லாத தலையைத் தூக்கிக் காட்டினார்.

"என் கண்ணப் பாத்து வாங்குங்கண்ணே" என்றாள் அம்மா.

அவர் குனிந்து, அம்மாவின் இந்தக் கண்ணையும் அந்தக் கண்ணையும் நன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, கண்ணுள்ள தலையாகவே கேட்டார்.