ஆணியில் தொங்கிய நீலப் பட்டை

எங்கள் அண்ணியைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவருடைய தொண்டையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நீச்சல் குளத்தின் இந்தக் கரையில் நின்றுகொண்டு அந்தக் கரையில் இருக்கும் பிள்ளையிடம் "முட்டிய மடக்காத" என்றால், வெளியே சாலையில் போகிறவரும் ஒரு நிமிஷம் நின்று தன் முட்டியைப் பார்த்துக்கொள்வார். கழுத்தில் விசில் தொங்கும். அதற்கு வேலையே கிடையாது. ஆனாலும் குளத்துக்கு வருகிறவர்கள் அவரை விசிலம்மா என்றுதான் சொல்வார்கள், அவர் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

நான் அவருடைய நாத்தனார். அவர் நீச்சல் சொல்லிக்கொடுக்கிற அதே குளத்தின் வாசலில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிறவள். அதனால் அண்ணிக்கு நான் 'டிக்கெட்டு'. நாத்தனாரும் அண்ணியும் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் குடுமிப்பிடிச் சண்டைதான் என்று வேடிக்கை பார்க்கக் காத்திருந்தவர்கள் ஏமாந்து போனார்கள். சண்டை போடுவோம், இல்லையென்று சொல்லவில்லை. நடுவில் யாராவது சமாதானம் பேச வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அவர்மேல் பாய்வோம். பெரும்பாலும் அப்படி மாட்டுகிறவர் என் அண்ணன்.

ஐம்பது வயதை ஒட்டி அண்ணிக்கு மாதவிடாய் தாறுமாறாகப் போனது. ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் காணாமல் போகும். கூடவே உடம்புக்குள் யாரோ அடுப்பு பற்றவைத்தது மாதிரி ஒரு சூடு. கழுத்தளவு தண்ணீரில் நிற்கிற மனுஷிக்கு வியர்க்குமா? அண்ணிக்கு வியர்த்தது. மோட்டார் அறைக்குப் போய், "யாரக் கேட்டு தண்ணிய சுட வச்சீங்க?" என்று மோட்டார்காரரிடம் எகிறினார். அந்தக் குளத்தில் தண்ணீரைச் சுட வைக்கிற இயந்திரமே கிடையாது. பாவம், அந்த மனுஷன் தன் குழாய்களையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மறுநாள் ஒரு குழந்தை நீச்சல் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு அழ, அண்ணியும் கூடச் சேர்ந்து அழுதார். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. கையோடு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா எல்லாம் விசாரித்து, சோதனைகளும் செய்து பார்த்து, ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். மாதத்தின் முதல் பாதி வெள்ளை மாத்திரை, அடுத்த பாதி நீல மாத்திரை. நீலம் முடிகிற சமயத்தில் நான்கைந்து நாள் உதிரப்போக்கு இருக்கும். அது முடிந்தும் முடியாமலும் அடுத்த அட்டை. இரண்டு மாதத்தில் அண்ணி பழைய அண்ணி ஆகிவிட்டார். சூடு போயிற்று, தூக்கம் வந்தது, திட்டு மட்டும் அப்படியே இருந்தது. அது வியாதி இல்லை, சுபாவம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இனிமேல் சொல்லப்போவது எனக்கே பிறகுதான் தெரிந்தது. ஆனால் உங்களைத் தவிக்கவிடுவானேன்? எங்கள் குளத்தில் கைப்பட்டை வழக்கம் ஒன்று உண்டு. ஆழம் குறைந்த பக்கம் மட்டும் போகிறவர்களுக்கு வெள்ளை ரப்பர் பட்டை. ஆழத்துக்குப் போகலாம் என்று அண்ணி ஒப்புக்கொண்டவர்களுக்கு நீலப் பட்டை. அந்தப் பட்டைகளில் இரண்டை எடுத்து அண்ணி தன் மாத்திரைக்கு அடையாளமாக வைத்திருந்தார். பயிற்சியாளர் அறையில் ஒரு ஆணி. வெள்ளை மாத்திரை நடக்கும்போது ஆணியில் வெள்ளைப் பட்டை, நீலம் தொடங்கினால் நீலப் பட்டை. நீலத்தைப் பார்த்தால் அந்த நான்கு நாள் நெருங்குகிறது என்று தெரிந்துகொண்டு, வகுப்புகளை முன்னே பின்னே மாற்றிக்கொள்வார். அந்த நாட்களில் அவர் தண்ணீரில் இறங்க மாட்டார். மாதவிடாய்க் கப், அது இது என்று எல்லாம் முயன்று பார்த்தார். ஒருநாள் நடுவகுப்பில் சங்கடமாகிவிட்டது. அதோடு சரி, கரையில் நின்றே கத்துவார்.

நான் இத்தனை வருஷம் தண்ணீர் ஓரம் உட்கார்ந்திருந்தும் நீச்சல் தெரியாதவள். பயம். காரணம் கேட்டால் ஒன்றும் இல்லை. பல்லிக்குப் பயப்படுகிறவர்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லையே! அந்த வருஷம் நடுவயதுப் பெண்களுக்கென்று ஒரு வகுப்பு தொடங்கியபோது அண்ணி என் பெயரை அவரே எழுதிவிட்டார். "பயமா இருக்கு அண்ணி" என்றேன்.

"ஆழத்துக்குப் போற அன்னிக்கு நான் உன் பக்கத்துல தண்ணிலதான் இருப்பேன். கைய நீட்டினா பிடிக்கிற தூரத்துல. போதுமா?"

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் காலை நனைத்தேன். முகத்தைத் தண்ணீரில் முக்கவே ஒரு வாரம் ஆயிற்று. மிதக்க வந்துவிட்டது, நீந்தவும் வந்துவிட்டது, ஆனால் கால் தரை தட்டும் இடத்தில் மட்டும்தான். எங்கள் வகுப்புக்கு ஆழப்பக்கம் ஒரே ஒரு நாள் காலைதான் ஒதுக்கியிருந்தார்கள். அண்ணி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். நீல மாத்திரை முடிந்த மறுநாள் அது. முகம் சுருங்கிவிட்டது.

உடனே டாக்டரிடம் கிளம்பினார். என்னையும் இழுத்துக்கொண்டுதான்.

"தினமும் ஒரே மாத்திர போடற முறை ஒண்ணு இருக்காமே. அதுல மாசாமாசம் வராதாம். எனக்கு அதுக்கு மாத்திக் குடுங்க" என்றார் அண்ணி, துணிக்கடையில் நிறம் மாற்றிக் கேட்பது மாதிரி.

டாக்டர் சிரித்தார். "மாத்தத்தான் போறோம். ஆனா ஆரம்பிச்சு எட்டு மாசம்தானே ஆகுது? அப்போ உங்களுக்கு விட்டு விட்டு வந்துக்கிட்டு இருந்துச்சு. உடம்பு இன்னும் தன் சொந்தக் கணக்கையும் கொஞ்சம் ஓட்டிக்கிட்டு இருக்கும். பொதுவா ஒரு வருஷமாவது போகட்டும்னு பாப்போம். இப்பவே மாத்தினா திட்டுத்திட்டா வரும், என்னிக்கு வரும்னு சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதுன்னா?"

"நீங்க தண்ணிக்குள்ள நிக்கும்போதும் வரலாம். இப்போ வர்றதாவது சொல்லிட்டு வருது."

அண்ணி விடவில்லை. "அப்போ இந்த ஒரு மாசம் நீலத்த மட்டும் விட்டுடறேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த வேலை மட்டும் வேண்டாம். வெள்ளை மட்டும் போட்டா கர்ப்பப்பை உள்தோல் தடிச்சுக்கிட்டே போகும். அதைக் கட்டுக்குள்ள வைக்கத்தான் நீலம். நீங்களா நிறுத்தினீங்கன்னு தெரிஞ்சுது, உங்க விசில பிடுங்கி நானே ஊதுவேன்."

வழியெல்லாம் அண்ணி பொருமிக்கொண்டே வந்தார். டாக்டருக்கு நீச்சல் தெரியுமா, அவருக்கு என்ன தெரியும் என்றெல்லாம். வீட்டில் அண்ணன், "பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்லுவாங்க" என்று ஆரம்பித்தார். "பூமி யாருக்கு வேணும்? எனக்குத் தண்ணி வேணும்" என்றார் அண்ணி.

இரண்டு நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தபோது அண்ணியே சொன்னார். "டாக்டர் சொல்றதுதான் சரி. அவசரமா ஆழத்துக்குப் போறேன்னு நிக்கிற பிள்ளைகள நான் விடறேனா? நானே அப்படிப் பண்ணா எப்படி? நான் பொறுத்துக்கறேன் டிக்கெட்டு. அன்னிக்கு நான் கரைல நிக்கறேன். புதுசா வந்த கோச் பொண்ணு உன்கூட தண்ணில இருப்பா."

எனக்குச் சுருக்கென்றது. "அப்போ நான் வரல" என்றேன்.

"ஏன்டி?"

"நீங்க தண்ணில இருப்பேன்னு சொன்னீங்க. அந்தப் பொண்ணா சொன்னா?"

அவர் சரியாகத்தான் செய்தார், எனக்கும் தெரியும். தெரிந்தால் கோபம் வரக் கூடாதா? பிடித்த பிடியை விடாத குடும்பம் எங்களுடையது. அண்ணியும் கெஞ்சுகிற ஆள் இல்லை. நான்கு நாள் எங்களுக்குள் பேச்சு, உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவில்தான் இருந்தது.

அந்தக் காலையும் வந்தது. வகுப்புப் பெண்கள் எல்லோருக்கும் நானே நீலப் பட்டையைக் கொடுத்து உள்ளே அனுப்பினேன். எனக்கு நான் எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணி சட்டையும் முழுக்கால்சட்டையுமாகக் கரையில் நின்றுகொண்டிருந்தார். கோச் பெண் மிதவைப் பலகை இன்னும் இரண்டு வேண்டும் என்றாள். எடுத்து வரலாம் என்று பயிற்சியாளர் அறைக்குப் போனேன். சாதாரணமாக அந்த அறையில் எனக்கு வேலையே இருக்காது.

கதவைத் திறந்தால் எதிரே ஆணி. ஆணியில் ஒற்றை நீலப் பட்டை.

அண்ணி மாத்திரை போடுவதும் பட்டை மாற்றுவதும் சாயங்காலம். இது எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் நீலம் என்றால் என்ன அர்த்தம் என்பதுதான். எனக்காக மாட்டி வைத்திருக்கிறார். வர மாட்டேன் என்று நான் முறுக்கிக்கொண்ட பிறகும், இவள் போவாள் என்று நம்பி மாட்டி வைத்திருக்கிறார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பாராட்டாத மனுஷி வேறு எப்படிச் சொல்வார்? கண் நிறைந்துவிட்டது. பட்டையைக் கையில் மாட்டினேன், நீச்சல் உடையை மாட்டினேன், மோட்டார்காரரை டிக்கெட் கிழிக்க உட்கார வைத்தேன், போய் ஆழத்தில் இறங்கினேன்.

இறங்கினேன் என்றால், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அண்ணி கரையோரமாக விறுவிறுவென்று வந்தார்.

"ஏ டிக்கெட்டு, உனக்கு யாரு நீலம் குடுத்தா?"

"நீங்கதான். ஆணில மாட்டி வச்சிருந்தீங்களே."

அண்ணி முழித்தார். பிறகு, தொண்டையைத் தணித்துப் பேசிப் பழக்கமில்லாததால், குளம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"அடியே, அது என் மாத்திரடி!"

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் எங்கள் வகுப்புப் பெண்களில் ஒருத்தி, "விசிலம்மா, எனக்கும் அதே மாத்திரதான். நான் அடையாளத்துக்கு வளையல் மாட்டிக்கறேன்" என்றாள். அவ்வளவுதான், ஆழப்பக்கம் பூராவும் சிரிப்பு. எனக்கு வயிறு வலித்தது. வெட்கம், அழுகை, சிரிப்பு எல்லாம் ஒன்றாக வந்தது. அந்தச் சிரிப்பில் நான் எப்போது கம்பியை விட்டேன் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் கம்பி எட்டாத தூரத்தில் இருந்தது. நான் மிதந்துகொண்டிருந்தேன்.

"அப்படியே வா" என்றார் அண்ணி. முதல் தடவையாக மெதுவாகச் சொன்னார். கோச் பெண் ஒரு பக்கம் நீந்தி வர, அண்ணி கரையிலேயே குனிந்து குனிந்து, கையை நீட்டியபடி என்னோடு நடந்தார். எதிர்ச் சுவரைத் தொட்டதும் என் மணிக்கட்டைப் பிடித்துப் பட்டையைக் கழற்றப் பார்த்தார். நான் தரவில்லை. இனி அது என்னுடையது.

வருஷம் முடிந்ததும் டாக்டரே கூப்பிட்டு, இப்போது மாற்றிக்கொள்ளலாம் என்றார். அண்ணி, "இப்ப வேண்டாம்" என்றார்.

டாக்டர் திகைத்தார். "அன்னிக்கு அவ்வளவு அவசரப்பட்டீங்க?"

"மாத்தினா முதல்ல சில மாசம் சொல்லாம கொள்ளாம வரும்னீங்க. லீவு வகுப்பு ஓடுது, இப்ப அது ஆகாது. அது முடிஞ்சதும் தரை ஓடு மாத்தறதுக்குக் குளத்த வடிக்கப் போறாங்க. திறக்க மூணு மாசம் ஆகும். தண்ணி இல்லாத சமயத்துல மாத்திக்கறேன். வர்றது அப்ப வந்துட்டுப் போகட்டும்."

டாக்டர் சிரித்துக்கொண்டே சீட்டை எடுத்து எழுதினார். "பேஷ். அதுவரைக்கும் இதே மாத்திரையே போடுங்க. மாத்தின பிறகு ஆறு மாசம் தாண்டியும் வந்துக்கிட்டே இருந்தா மட்டும் என்கிட்ட வந்துடணும். அத நீங்களா முடிவு பண்ணக் கூடாது."

அப்படியே நடந்தது. குளம் காய்ந்து கிடந்த நாட்களில் திட்டுத்திட்டாக வந்தது. அண்ணி வீட்டிலேயே இருந்ததால் அண்ணனுக்குத்தான் சோதனைக் காலம். மனுஷன் என் அறையில் வந்து உட்கார்ந்துகொண்டு, உங்க அண்ணிக்குக் குளத்த எப்பத் திறப்பாங்க என்று கேட்டுக்கொண்டே இருப்பார். குளம் திறப்பதற்குள் குறைந்து, ஓரிரு வாரத்தில் அடியோடு நின்றும் போனது. இப்போது தினமும் ஒரே நிற மாத்திரை. ஆணிக்கு வேலை போய்விட்டது, அதில் விசில் தொங்குகிறது.

புதுத் தண்ணீர் விட்ட பிறகு எங்கள் வகுப்புக்கு மறுபடி ஆழப்பக்கம் கிடைத்த காலையில், எல்லோருக்கும் முன்னால் அண்ணி குதித்தார். நடு ஆழத்தில் நின்றவாக்கில் நீந்திக்கொண்டு கூப்பிட்டார். "வா டிக்கெட்டு. சொன்ன சொல்ல இன்னிக்குக் காப்பாத்திடறேன்."

என் நீலப் பட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். அண்ணி கடைசிவரை என் பக்கத்தில், கையை நீட்டினால் பிடிக்கிற தூரத்தில்தான் வந்தார். நான் கையை நீட்டவே இல்லை.