ஏழு வீட்டுப் பின்னல்

எங்களைப் பார்க்கிறவர்கள் முதலில் சுருண்ட முடியைத்தான் பார்ப்பார்கள். முகம் பிறகுதான். பஸ்சில் பின்சீட்டில் இருக்கும் குழந்தை கை நீட்டித் தொட்டுப் பார்க்கும். தாய் "விடு" என்று அதட்டிவிட்டுத் தானும் ஒரு கண் பார்த்துக்கொள்வாள். "ஆபிரிக்காவில் எந்த ஊர்?" என்று கேட்கிற படித்தவர்களும் உண்டு. எனக்கு எப்படித் தெரியும்? போர்த்துக்கேயன் கப்பலில் ஏற்றும்போது விலாசமா எழுதிக் கொடுத்தான்? எங்களுக்குத் தெரிந்த ஊர் மட்டக்களப்பு வாவிக் கரை. முகத்துவாரத்துக்குப் போகிற மணல் பாதையில் ஒரே வரிசையாக ஏழு வீடு. ஆபிரிக்க வழி வந்த எங்களை ஊரார் காப்பிரி என்பார்கள், அந்த இடத்தைக் காப்பிரிக் கரை என்றார்கள். நாங்கள் கரை என்று மட்டும் சொல்வோம்.

வீடுகளுக்கு இலக்கம் கிடையாது, பெயர்தான் உண்டு. மாதா கோயிலுக்குப் பக்கத்தில் நின்றது கிணற்று வீடு. முகத்துவாரப் பக்கம் கடைசியாக நின்றது முனை வீடு. நடுவில் எங்களுடையது வயலின் வீடு. அப்பாவின் வயலினில் இரண்டு தந்திதான் மிச்சம் இருந்தது, அதிலும் ஒன்று அழும். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான் சேரும், மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். எங்கள் கரையிலும் அதே வழக்கம். ஆகவே ஏழு வீடு என்றால் ஏழு வீட்டுப் பெண்கள். கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் மணப்பெண்ணை வாவியைப் பார்த்து இருத்துவார்கள். வீட்டுக்கு ஒருத்தி வந்து, வீட்டுக்கு ஒரு பின்னல், நெற்றியிலிருந்து பிடரி வரை தலையோடு ஒட்டிப் பின்ன வேண்டும். இடது காதருகில் கிணற்று வீட்டின் பின்னல், வலது காதருகில் முனை வீட்டின் பின்னல். கரையில் வீடுகள் நின்ற வரிசைதான் தலையிலும். ஒரு வீட்டின் பின்னலை இன்னொரு வீடு போடக்கூடாது. கோபதாபம் இருந்தாலும் வந்தே ஆகவேண்டும். என் கலியாணத்தின்போது தச்சு வீட்டு மாமி அம்மாவோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார். வந்தார், என் கண் இழுபடும் அளவுக்கு இறுக்கிப் பின்னினார், தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அந்தப் பின்னல்தான் ஒரு கிழமை குலையாமல் நின்றது.

எனக்கு ஏழாவது பின்னல் போட்டது முனை வீட்டு அக்கா. அவர் ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். கை மெத்தென்று இருக்கும்.

சுனாமி வருடம், நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலை கடல் வந்தது. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. ஏழு வீட்டில் ஒன்றும் நிற்கவில்லை. எல்லா வீட்டிலும் இழப்பு உண்டு, ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் பெண் என்று ஒருத்தியாவது மிஞ்சினாள், முனை வீட்டைத் தவிர. அங்கே அக்காவும் இரண்டு பெண் பிள்ளைகளும் போய்விட்டார்கள். அக்காவின் புருஷன், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், அன்று காலை கடலுக்கு எட்டாத கரடியனாற்றில் யாருக்கோ தண்ணீர்ப் பம்ப் திருத்தப் போயிருந்தார். திரும்பி வந்து ஒரு மாதம் மணலில் நடந்து திரிந்தார். பிறகு அதே கரடியனாற்றுக்கே போய்விட்டார். கடல் கண்ணில் படாத ஊர் வேண்டுமாம். அதன் பிறகு எந்தக் கலியாணத்துக்கும் அவர் வந்ததில்லை.

எங்களுக்கும் இன்னும் மூன்று வீட்டாருக்கும் ஊருக்கு உள்ளே வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. மற்றவர்கள் திக்குத் திக்காகப் போனார்கள். கரை இப்போது வெறும் மணலும் கொஞ்சம் கண்டல் மரமும்தான். கலியாணங்கள் நடந்தன. பெண்கள் சலூனுக்குப் போய்க் கொண்டை போட்டுக்கொண்டார்கள். ஏழு பின்னலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் ஏழாவதைப் பற்றிப் பேச வேண்டி வருமே.

போன வருடம் என் மூத்தவளுக்குக் கலியாணம் நிச்சயமானது. வீட்டில் முதல் சண்டையைத் தொடக்கியவள் இளையவள். கலியாணப் படத்தில் தான் மட்டும் பஞ்சு மூட்டை மாதிரி நிற்கமாட்டாளாம். முடியை நேராக்க டவுனில் ஒரு சலூனில் நாளும் சொல்லி வைத்துவிட்டாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"நேராக்கினா பின்னல் நிக்காது புள்ள. நாளைக்கு உன்ட கலியாணத்துக்கு ஏழு வீடும் வந்து உன்ட தலையில என்னத்தப் பிடிக்கிற?" என்றேன்.

"ஏழு வீடு எங்கம்மா கிடக்கு? ஆறுதானே" என்றாள் அவள்.

மணப்பெண் கையிலிருந்த ஃபோனைக் கீழே வைத்தாள்.

"முனை வீட்டு மாமா இருக்கிறார்தானே" என்றாள். "நான் பின்னல்தான் போடுவன். ஏழும் வேணும்."

செய்தி கிணற்று வீட்டு அக்காவுக்குப் போனது. எங்களில் மூத்தவர் அவர், எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவர். அடுத்த நாளே வந்துவிட்டார். "என்னகா இது? பெண்ட தலையில ஆம்பிள பின்னல் போடுறதா? மறுகா, அந்த வீடு அவள்ட. அவளோட முடிஞ்சி. அவன் வந்து இருந்தவன்தானே. வேணுமெண்டா என்ட மகள் ஏழாவதையும் போடுவாள்."

"வேணாம் பெரியம்மா. அந்த இடத்தில வேற ஆரும் கை வைக்கப்படா" என்றாள் என் மகள். "ஆறு பின்னலோட நான் கோயிலுக்குப் போகமாட்டன். அவர் வந்தா ஏழு. வராட்டி எல்லாத்தையும் அவிழ்த்துப்போட்டு மாப்பிள்ளை வீட்டுக்காரர் சொன்ன மாதிரிக் கொண்டை போட்டு மல்லிகைப் பூ வைக்கிறன். அதோட இந்தக் கதை முடியட்டும்."

பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டாம். எல்லோருக்கும் தெரியும்.

மூத்தவளும் நானும் பஸ் ஏறிக் கரடியனாற்றுக்குப் போனோம். வயல் வட்டைக்குப் போகிற பாதையோரம் தகரம் போட்ட ஒரு சைக்கிள் திருத்தும் கடை, பின்னால் ஒரு அறை. அவ்வளவுதான் அண்ணனுடைய உலகம். எங்களைக் கண்டதும் "வாங்க, வாங்க" என்று வாங்குப் பலகையைத் துடைத்து விட்டார், பக்கத்துக் கடையில் பிளேன்டீ சொன்னார். முடி முழுக்க நரைத்திருந்தது. மகள் சுற்றி வளைக்கவில்லை. கலியாணம் என்றாள், ஏழாவது பின்னல் என்றாள், நீங்கள்தான் வரவேண்டும் என்றாள்.

அண்ணன் பிளேன்டீயை எங்கள் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்: "அது அவள்ட வீடு, மகள். நான் திருகோணமலையில இருந்து கலியாணம் முடிச்சு வந்தவன். எனக்கு அதில என்ன உரித்து?" கைகளை விரித்துக் காட்டினார். "பாருங்க. கிறீஸ் பிடிச்ச கை."

"அப்பவும் கிறீஸ் கைதான் மாமா" என்றாள் மகள். "மாமி விடிய முன்னமே ஆஸ்பத்திரிக்குப் போயிடுவா. நீங்க சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிட்டு ரெண்டு பேருக்கும் தலை இழுத்துப் பின்னி விடுவீங்க. அவங்களோட பள்ளிக்குப் போக நான் உங்கட படியில குந்தி இருப்பன். ஒவ்வொரு நாளும் பாத்திருக்கிறன்."

இது எனக்கே தெரியாது. அந்தப் பிள்ளைகளின் பின்னல் நேர்த்தியாக இருக்கும், அக்காவின் கைவேலை என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அண்ணன் எழுந்து போய், கவிழ்த்து வைத்திருந்த சைக்கிளின் சில்லைச் சுற்றத் தொடங்கினார். முதுகு எங்கள் பக்கம். "என்னக் கேக்காத மகள்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது பஸ்சில் மகளை ஏசினேன். ஆறின புண்ணைக் கிளறிவிட்டாய் என்றேன். அவள் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். எனக்கு அண்ணன்மேலும் கோபம், கடல்மேலும் கோபம். கண்டக்டர் மிச்சக் காசு தரப் பிந்தியதற்கு அவன்மேலும் எரிந்து விழுந்தேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் வந்தது. அந்தப் பெண்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. ஒருத்தி கொழும்பிலிருந்து இரவு பஸ்சில் வந்தாள். ஒருத்தி முழங்கால் வலியோடு மூன்று பஸ் மாறி வந்தாள். தச்சு வீட்டு மாமி இப்போது இல்லை, அவருடைய மகள் வந்தாள், சிரித்துக்கொண்டு தேத்தண்ணீரும் கேட்டாள். வீட்டுத்திட்டத்தில் வாவிக்கு எங்கே போவது? வாவி இருக்கும் திசையைப் பார்த்து, பக்கத்து வீட்டு மதிலுக்கு நேராக மகளை வாங்கில் இருத்தினோம். தேங்காய் எண்ணெய் தொட்டுப் பின்னத் தொடங்கினோம்.

மூன்று பின்னல் முடிந்த பிறகுதான் கிணற்று வீட்டு அக்கா "நிப்பாட்டுங்கடி" என்றார். என்னவென்று பார்த்தால், நாங்கள் ஒருவரும் யோசிக்காமல் வீட்டுத்திட்டத்து வரிசையில் பின்னிக்கொண்டிருந்தோம். இப்போது யாருக்கு யார் அயல்வீடோ அந்தப்படி. இருபது வருடம் இங்கே இருந்து கைக்கு அது பழகிவிட்டது. "முதல் கோணல் முற்றும் கோணல். அவிழுங்க எல்லாத்தையும்" என்றார் அக்கா.

அவிழ்த்தோம். பிறகு தொடங்கியது சண்டை. கோயில் பக்கமிருந்து எண்ணினால் ஈரப்பலா வீடு முந்தியா, நீல வீடு முந்தியா? அந்த இரண்டு வீட்டுப் பெண்களுமே ஆளுக்கொன்று சொன்னார்கள். எங்கட வாசலில் நின்றால் உங்கட ஆட்டுக் கொட்டில் தெரியும் என்றாள் ஒருத்தி. ஆடு வளர்த்தது நாங்கள் இல்லை, நீங்கள் என்றாள் மற்றவள். கிணற்றடிக்குப் போகிற ஒழுங்கை, மழைக்கு இடிந்த வேலி, மாதா சொரூபம் வைத்திருந்த மேடை, எல்லாம் வெளியே வந்தன. கரையை இத்தனை விபரமாக நாங்கள் பேசி இருபது வருடம். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கத்தினோம், ஆனால் வரிசை மட்டும் தீரவில்லை. மகள் தலைவிரி கோலமாக இருந்தாள். அவள் கண் வாசல் கேற்றில்தான் இருந்தது.

"ஈரப்பலாதான் முந்தி. அவங்கட மரத்து இலை நீல வீட்டுக் கூரையில விழுந்துதானே நாள்முழுக்கச் சண்டை. காத்து எப்பவும் கோயில் பக்கமிருந்துதான் வரும்" என்று கேற்றடியில் ஒரு குரல் கேட்டது.

அண்ணன் நின்றார். வெள்ளைச் சேட்டு, மடிப்புக் கலையாத சாரம். கையில் ஒரு சவர்க்காரக் கட்டி, கடையில் வாங்கிய தாளோடேயே.

கிணற்று வீட்டு அக்காவை நான் பயந்து பார்த்தேன். என்ன சொல்லிக் கலைக்கப்போகிறாரோ என்று. அக்கா தன் முந்தானையால் வாங்கின் மறுமுனையைத் துடைத்தார். "கிணறு அந்தப் பக்கம் தம்பி. கையக் கழுவிட்டு வா. உன்ட முறை கடைசியாத்தான் வரும், இரி" என்றார். அந்த வாய்க்கு நான் ஆயுள் முழுக்க நன்றி சொல்வேன்.

ஆறு பின்னலும் வரிசைப்படி விழுந்தன. அண்ணன் வலது பக்கம் வந்து நின்றார். சீப்பால் வகிடு எடுத்தார். விரல்கள் தங்கள் பாட்டுக்கு ஓடின. எங்கள் ஆறு பின்னலையும்விட அது ஒடுக்கமாகவும் நேராகவும் இருந்தது, பொறாமையாகக்கூட இருந்தது எனக்கு. பாதியில் இழுபட்டு வலித்ததோ என்னவோ, மகள் தலையைக் கொஞ்சம் சரித்தாள்.

"ஆடாத மகள், பள்ளிக்கு நேரமாகுது" என்றார் அண்ணன்.

சொன்னது அவருக்கே தெரியவில்லை. தெரிந்தபோது கை நின்றது. மகள் திரும்பிப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி நேராக வைத்துக்கொண்டு, "ஆடல மாமா" என்றாள். சின்னப் பிள்ளையின் குரலில்தான் சொன்னாள். கை மறுபடி ஓடத் தொடங்கியது.

மறுநாள் அந்த ஏழு பின்னலோடு அவள் கோயிலுக்குள் போனாள். தலையில் போட்ட வலைத்துணி ஊடாக ஒவ்வொன்றும் தெரிந்தது. மாப்பிள்ளையின் தாய் என் காதருகில் குனிந்து, வடிவாக இருக்கிறது, எந்தச் சலூன் என்று கேட்டார். கரையில ஒரு சலூன் என்றேன். கடவுளுக்கும், வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும், பிடிவாதக்காரியான என் மகளுக்கும் மனதுக்குள் நன்றி சொல்லி முடிக்கப் பூசை முழுவதும் போதவில்லை.

அண்ணன் சாப்பாட்டுக்கும் நின்றார். பின்னேரம் புறப்படும்போது பஸ் நிற்கும் இடம் வரை கூடப் போனேன். இளையவள் முடியை இறுக்கி முடிந்துகொண்டுதான் படத்துக்கு நின்றாள், சலூனில் அதை நேராக்கும் நாளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டாள் என்று வழியில் சொன்னேன். பஸ் வருவது தெரிந்தபோது, எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்:

"உன்ட இளையவள்ட முடியும் இப்பிடித்தானே?"

"ஓம் அண்ணன். இதவிட அடர்த்தி."

பஸ்சில் ஏறிப் படியில் நின்றபடி சொன்னார்: "அப்ப அவள அந்தச் சலூனுக்கு விட்டுராத."