சரஸ்வதி படத்தின் முன் ஸைடாவின் புத்தகங்கள்

ஒக்டோபர் பதினொன்று, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். மெல்பேர்ணில், எங்கள் ரோவிலில் தூறல், வெளியே பதினான்கு பாகை. வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் என் சம்பந்தி லியோன், மருமகன் டானியலின் தகப்பன், தொப்பி நனைய நின்றார். எழுபத்தெட்டு வயதில் கோல்பீல்டிலிருந்து தானே கார் ஓட்டி வந்திருக்கிறார், ஒரு சொல்லும் முன்னால் சொல்லாமல். இந்த நாட்டில் யாராவது இறந்துபோனால்கூட முதலில் குறுஞ்செய்திதான் வரும். அவர் உள்ளே வரவில்லை. பாடம் ஒப்புவிப்பதுபோல, "இந்த ஒரு வருடத்தில் நான் உங்களுக்கு ஏதாவது பிழை செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். உப்பைக் குறைக்கச் சொன்னார், ஏன் கேட்கிறீர்கள் என்றார் அவர்.

பிறகுதான் விளக்கினார். அன்று சூரியன் மறையும்போது அவர்களுடைய, யூதர்களுடைய, பெரிய விரதம் தொடங்குகிறது. இருபத்தைந்து மணித்தியாலம் தண்ணீரும் இல்லை. கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் அன்று மன்னிப்பார். மனிதருக்குச் செய்ததை அதற்கு முன் அந்த மனிதரிடமே கேட்டுத் தீர்க்கவேண்டும். வழக்கமாகத் தொலைபேசியில் கேட்பாராம். என்னிடம் நேரில் கேட்பதுதான் மரியாதை என்று நினைத்திருக்கிறார்.

அவர் எனக்குச் செய்த பிழை என்று ஏதாவது உண்டா என்று மனதுக்குள் பார்த்தேன். ஒன்றே ஒன்று இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேத்தி மாயாவுக்கு ஒரு புத்தகம் கொண்டுவருவார். தேனில் தோய்த்த அப்பிள் பற்றி, எட்டு நாள் ஏற்றும் விளக்கு பற்றி, நட்சத்திரம் தெரிய ஓலை வேய்ந்த குடிசையில் சாப்பிடும் குடும்பம் பற்றி, போருக்குப் பிறகு கப்பலேறி மெல்பேர்ணுக்கு வந்த ஒரு சிறுமி பற்றி. நாலு வயதுப் பிள்ளை ஸைடாவின் மடியில் ஏறி இருந்தால் இறங்காது. தாத்தாவுக்கு அவர்கள் சொல்வது ஸைடா, நான் அம்மப்பா. ஸைடாவின் புத்தகங்கள் பதினேழு. யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் நான் தருவித்தவை ஒன்பது, அதிலும் அவள் விரும்பித் திறந்தவை இரண்டு. நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன். அந்தப் புத்தக அலுமாரியைப் பார்க்கும்போதெல்லாம், வெயில் காலத்தில் குளத்து நீர்மட்டம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற உணர்வு வரும். எங்கள் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் போகிறாள்.

அதை அவரிடம் சொல்ல முடியுமா? மன்னிக்க ஒன்றும் இல்லை, மழையில் நில்லாமல் உள்ளே வாருங்கள் என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

அன்று சரஸ்வதி பூசை. காலையில் வீட்டு மண்டபத்தில் படம் வைத்து, மாயாவின் இருபத்தாறு புத்தகங்களையும் அதன் முன் அடுக்கி, மூலைகளில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அன்று ஒரு புத்தகமும் வெளியே கிடக்காது. இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் படுத்திருந்த வருடம்கூடக் கிழிந்த கொப்பி ஒன்றை வைத்துக் கும்பிட்டோம். அவருடைய புத்தகங்களை விட்டுவிட்டு என்னுடையவற்றை மட்டும் வைத்தால் அதுதான் அவமரியாதை என்று நான் மனதார நம்பினேன். மேலே ஹீப்ரு எழுத்துப் புத்தகம் இருந்தது, புதுசு, போன ஞாயிறு வந்தது. அதற்குப் பொட்டுக் கொஞ்சம் பெரிதாகவே வைத்திருந்தேன்.

லியோன் அப்படியே நின்றுவிட்டார். மாயா ஓடிவந்து, இன்றைக்கு வாசிக்கக்கூடாது, புத்தகங்களுக்கு லீவு என்று ஆங்கிலத்தில் அறிவித்தாள். அவர் சிரிக்கவில்லை. மாடியில் வேலையாக இருந்த மகள் யாழினி இறங்கிவந்து ஒரு பார்வையில் விளங்கிக்கொண்டாள். "அப்பா, அவையின்ர புத்தகத்தைத் தொடாதேங்கோ எண்டு காலமையே சொன்னனான் எல்லோ? ஒரு நாளாவது ஒரு சொல்லு கேட்பியளா?"

அலுவலக நாட்களில் எங்கள் பூசைக்கு அளவுக் கருவிகளையெல்லாம் படத்தின் முன் வைப்போம். முஸ்லிம் மேற்பார்வையாளர் ஒருவர் மட்டும் தன் பென்சிலைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். மறந்துவிட்டார் என்று நினைப்பேன். லியோனின் முகத்தைப் பார்த்தபோதுதான் அந்தப் பென்சில் ஏன் பையில் இருந்தது என்று விளங்கியது.

லியோன் மெதுவாகக் கதிரையில் இருந்தார். உருவத்தின் முன் எதையும் படைப்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விலக்கு என்று சொன்னார், கோபமில்லாமல். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இனிப் புத்தகம் கொண்டுவரமாட்டாரோ என்று அந்த நேரத்தில் எனக்கு வந்த பயம் எனக்கே புதினம். பிறகு அவர் சொன்னார்: "எங்கள் சட்டத்தில் பிள்ளை தாயின் வழி. எங்கள் ரப்பியைக் கேட்டால் மாயா எங்களுடையவள் இல்லை என்பார். அவள் உங்களுடையவள், முழுதாக. எனக்கு அவளிடம் இருப்பது இந்தப் புத்தகங்கள் மட்டும்தான்."

பதினேழுக்கு ஒன்பது என்று நான் தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தில் அவரும் தோற்றுக்கொண்டுதான் இருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வைத்த புத்தகத்தைத் தசமிப் பூசை முடியாமல் எடுக்கக்கூடாது. எழுபத்துநாலு வயதுவரை எடுத்ததில்லை. அன்று எடுத்தேன். பதினேழையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கதிரையில் அடுக்கினேன். ஒன்பது படத்தின் முன்னால், பதினேழு கதிரையில். இப்போது திருப்தியா என்பதுபோல அவரைப் பார்த்தேன். அவர் முகம் முன்னையதைவிட மோசமாக இருந்தது. "வேண்டாம், இப்படிப் பிரித்து வைக்கவேண்டாம்" என்றார். போலந்தில் அவருடைய பெற்றோரின் ஊரில், அவர்களுடைய புத்தகங்களை இப்படித்தான் வேறாக்கித் தெருவில் குவித்தார்களாம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. புத்தகம் எரிந்த ஊரிலிருந்து வந்தவனுக்கு அதைச் சொல்லவும் தேவையில்லை. நான் மிச்ச ஒன்பதையும் எடுத்தேன். இருபத்தாறையும் சாப்பாட்டு மேசையில், எது யாருடையது என்று பாராமல் கலந்து வைத்தேன். கலைமகள் முன்னால், காலையில் புத்தகங்களோடு வைத்த, திணைக்களத்தில் நான் கணக்குப் பார்த்த பழைய கணிப்புக்கோல் மட்டும் மிஞ்சியது. அவ கோபிக்கமாட்டா என்று நினைக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்தான் போலிருக்கிறது என்றேன். லியோன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "சூரியன் மறைய இன்னும் நாலு மணித்தியாலம் இருக்கிறது. அவசரமில்லை, யோசித்துக் கேளுங்கள்." யாழினி சிரித்துவிட்டாள். குசினிக்குள் போய்த் தேத்தண்ணீர் போட்டுவந்தாள். குடிக்கும்போது அவர் தற்செயலாகச் சொன்னார், விரதம் அமாவாசை கழிந்து பத்தாம் நாளில் வருவது என்று. எங்கள் விஜயதசமியும் அமாவாசை கழிந்து பத்தாம் நாள்தான். இரண்டு வீட்டிலும் ஒரே நிலவைப் பார்த்து எண்ணிக்கொண்டு வந்திருக்கிறோம், ஒருவரையொருவர் கேட்டதில்லை.

மறுநாள் காலை அவர் தொழுகையில் பசியோடு இருந்த நேரத்தில், மாயாவின் விரலைப் பிடித்துப் பச்சரிசியில் 'அ' எழுதுவித்தோம். எழுதி முடித்ததும் பக்கத்தில் தானாகவே ஸைடாவின் எழுத்து ஒன்றையும் கீறினாள். தட்டு சின்னது, இரண்டும் ஒன்றில் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. நான் அழிக்கவில்லை.

எழுத்துப் புத்தகத்தின் குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்தேன். சிவப்பு இன்னும் பரவி உள்ளே இரண்டு தாளுக்கு ஊறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அதே புத்தகத்தில் இன்னொன்று வாங்கப் பஸ் மாறிக் கோல்பீல்டுக்குப் போனேன். அங்கே யூதப் புத்தகக் கடையில் இருந்த பெண் யாருக்கு என்று கேட்டாள். பேத்தி மாயாவுக்கு என்றேன். அழகான பெயர், எங்களுடையது என்றாள். எங்களுடையதும்தான் என்றேன். அவள் முகம் மலர்ந்து, கொச்சியிலிருந்து வந்த யூதரா நீங்கள் என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் இருக்கும்போது, அவ்வளவு உறுதியாக இல்லை என்று சொல்லியிருக்க வேண்டுமா என்று தோன்றியது.

மாயா புதியதைத் தொடவில்லை. பொட்டு வைத்ததுதான் தன்னுடையதாம். ஆகவே பொட்டு வைத்தது ரோவிலில், பொட்டில்லாதது லியோன் வீட்டில். பிள்ளை எந்த வீட்டில் இருந்தாலும் அதே எழுத்துகள். பாதிப் பணம் தருகிறேன் என்று லியோன் நின்றார். நான் வாங்கவில்லை. புத்தகமும் போக்குவரத்துமாக மொத்தம் இருபத்தொன்பது டொலர் எண்பத்தைந்து சதம்.