நான்கு எலுமிச்சம்பழம்

ஜவ்வாது மலையை விட்டு எப்போது இறங்கினாலும் அன்பரசிக்கு வாந்திதான். மைசூரில் இருக்கும் மகளைப் பார்க்கக் காரில் கிளம்பும் அன்று, வழியில் முகர்ந்துகொள்ள நான்கு எலுமிச்சம்பழம் எடுத்து வைத்திருந்தாள். கணவர் விஜயராஜ் அவற்றைப் பூசைக்கென்று நினைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து நசுக்கிவிட்டார்.

"இன்னா பண்ணிட்டீங்க? நான் எத மோந்துக்கினு வர்றது?"

கோபத்தில் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். போன மாதம்தான் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். ஓட்டுகிறவர்களுக்கு வாந்தி வராது என்று யாரோ சொன்னதை நம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

வளைவுகள் எல்லாம் முடிந்து அடிவாரம் வந்தது. வயிற்றை ஒன்றுமே செய்யவில்லை. அன்பரசிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

இருபது வருடம் இதே மலையில் ஜீப் ஓட்டிய விஜயராஜ், பக்கத்து இருக்கையில் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்:

"ஒரு பழம்கூடவா மிச்சம் இல்ல?"