ஆள் வேண்டாத அடுப்பு

எனக்குத் தூக்கம் கனம். தலைமாட்டில் தகரத்தைப் போட்டுத் தட்டினாலும் எழுந்திருக்க மாட்டேன். வாலிபத்தில் அதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்பதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். தூத்துக்குடியில் தோணிகளுக்கும் ஸ்டீம் படகுகளுக்கும் ரிப்பேர் பார்க்கும் பட்டறை ஒன்றில் நான் ஃபிட்டர். துறைமுகத்தில் கப்பல் வரத்துக் குறைந்துபோக, வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆக்கிவிட்டார்கள். கடற்கரையை ஒட்டி ஓலை வேய்ந்த வீடு ஒன்றில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். கல்யாணமாகி இரண்டு வருஷம். அவள் ஏரல்காரி, ஆற்றங்கரையில் வளர்ந்தவள். இங்கே வந்த முதல் மழைக்காலத்திலேயே அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. பேசிக்கொண்டே இருப்பாள், பாதியில் நிறுத்தி மூச்சு வாங்குவாள், பிறகு மீதியைச் சொல்லுவாள். அதுதான் அவள் பேசுகிற விதம் என்று எனக்குப் பழகிப்போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் மாசி வரத்து நின்றது. மாசி என்றால் சூரை மீனைப் பிளந்து, உப்புத் தண்ணீரில் அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் போட்டுக் கட்டையாக இறுக்குவது. தீவுகளிலிருந்து தோணியில் வரும் சரக்கு. யுத்தத்தில் தோணி ஓடாமல் போனதும், காயல்பட்டினத்து மாசி வியாபாரி ஒருவர் இந்தக் கரையிலேயே அதைச் செய்து தர ஆள் தேடிக்கொண்டிருந்தார். பட்டறைக்கு ஏதோ வேலையாக வந்தவரிடம், யோசிக்காமல், நான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவரே நாலைந்து நாள் வீட்டுக்கு வந்து பக்குவத்தைக் காட்டிக் கொடுத்தார். அதில் முக்கியமானது ஒன்றுதான். இரவு முழுக்கப் புகை இருக்க வேண்டும். நெருப்பு எழும்பவும் கூடாது, அணையவும் கூடாது. எழும்பினால் மீன் உதிர்ந்துவிடும், அணைந்தால் விடியும்போது கொழகொழத்துப் போய்விடும்.

ஆக, யாராவது விழித்திருக்க வேண்டும். பட்டறை நாட்களில் எனக்குத் தூக்கம் வேண்டும் என்று அவள் உட்கார்ந்தாள். மற்ற நாட்களில் நான் உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனதால் அப்போதும் அவளே உட்கார்ந்தாள். கடற்கரையில் ராத்திரி வெளிச்சம் தெரியக் கூடாது என்று வேறு உத்தரவு. ரோந்து வருகிறவர்கள் ஒரு பொறி தெரிந்தாலும் வந்து சத்தம் போடுவார்கள். அதனால் முற்றத்தைச் சுற்றித் தகரமும் சாக்கும் கட்டியிருந்தோம். அந்த அடைப்புக்குள் அவள் புகையோடு புகையாக இருந்தாள். ஒரே மாதத்தில், குடத்தை இடுப்பில் வைத்து இருபது அடி நடக்க முடியாமல் ஆகிவிட்டாள்.

பக்கத்து வீட்டில் ஒரு சங்கு குளிக்கிறவர் இருந்தார். மூச்சை அடக்கிப் பிழைக்கிற மனிதர். ஒரு நாள் என்னை நிறுத்தி, "தம்பி, ஒங்க வீட்டுல மூச்சு ஒரு மாதிரி கேக்குது. இத இப்படியே விடாதிய" என்றார். என் பெண்டாட்டியின் மூச்சு இவர் காதில் ஏன் விழுகிறது என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அவர் சொன்னது உள்ளே போய்த் தைத்துக்கொண்டது. பயந்துவிட்டேன் என்பதே உண்மை. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், ராத்திரி முழுக்க ஆள் வேண்டாமல் தானே புகைகிற அடுப்பு ஒன்றைக் கட்டிவிடுவது என்று. மாசி வேலையையே விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஃபிட்டர் மூளை. எந்தக் கோளாறுக்கும் ஒரு ஸ்பேனர் இருக்கும் என்று நம்புகிற மூளை.

பத்து நாள் வேறு நினைப்பே இல்லை. செங்கல்லில் கூண்டு கட்டலாம் என்றால் யுத்த காலத்தில் செங்கல்லுக்கு எங்கே போவது. நெல் கொட்டிவைக்கிற பெரிய மண் குதிர் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தேன், ஒரே ராத்திரியில் விரிசல் விட்டது. கடைசியில் ரோடு போடுகிற இடத்திலிருந்து இரண்டு தார் ட்ரம்கள் கிடைத்தன. உள்ளே உடைமர விறகைப் போட்டு ஒரு பகல் முழுக்க எரித்து, சாம்பலும் மணலும் போட்டுத் தார் வாடை போகிற மட்டும் தேய்த்தேன். அவளைக் கிட்டவே விடவில்லை. ஒரு ட்ரம் நெருப்புக்கு, இன்னொன்று மீன் தட்டிகளுக்கு. புகை ஆறி வரட்டும் என்று இரண்டுக்கும் நடுவே பழைய பாய்லர் பைப்பை மணலில் புதைத்தேன். புகையைக் கூட்டிக் குறைக்க, கைப்பிடி வைத்த தகரத் தட்டு ஒன்று. மீன் ட்ரம்மின் வாயில் ஈரச் சாக்கு. பொறி வெளியே தெரிய வழியே இல்லை.

நெருப்புக்குத்தான் மண்டையை உடைத்துக்கொண்டேன். விறகு வைத்தால் தள்ளிவிட ஆள் வேண்டும். தேங்காய் மட்டைக் கதம்பை போட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். அப்போது ஏரலில் மாமியார் வீட்டு உமி அடுப்பு நினைவுக்கு வந்தது. டின்னின் நடுவே உலக்கையை நிறுத்தி, சுற்றிலும் உமியைப் போட்டு இடித்து இறுக்கி, உலக்கையை உருவிவிட்டால் நடுவில் துவாரம் நிற்கும். அடியில் பற்றவைத்தால் உள்ளிருந்து மெல்ல மெல்லக் கனன்றுகொண்டே போகும். மாமியார் வீட்டிலிருந்தே வண்டியில் உமி வரவழைத்தேன். பட்டறைக்கு ஒரு டின்னை எடுத்துப்போய், வேலைக்கு நடுவே ஒரு பகல் முழுக்கச் சோதித்தேன். ஆடி மாதம், மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. காலையில் பற்றவைத்தது வேலை முடிகிறவரை ஒரே சீராகப் புகைந்தது. நான் குதிக்காத குறைதான்.

அன்று ராத்திரி மீனை அடுக்கி, உமி டின்னை நெருப்பு ட்ரம்முக்குள் இறக்கிப் பற்றவைத்து எல்லாவற்றையும் மூடினேன். "ஏளா, இனி நீ எந்திரிக்கவே வேண்டாம், நிம்மதியாத் தூங்கு" என்று அவளிடம் சொன்னேன். காலையில் சாக்கை விலக்கிப் பார்த்தால் மீன் நல்ல தேன் நிறத்தில் இறுகியிருந்தது. டின்னில் கனல்கூட மிச்சம் இருந்தது. காப்பியும் குடிக்காமல் பட்டறைக்கு ஓடி, போர்மேனிடம் தரையில் சாக்பீஸால் படம் போட்டு விளக்கினேன். கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். காயல்பட்டினத்து வியாபாரி சரக்கை முகர்ந்து பார்த்து, தீவு மாசிக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்றார். அந்த வாரம் முழுக்க யாராவது வந்து அடுப்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் வாய் ஓயாமல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

சங்கு குளிக்கிறவரின் மனைவியும் மாசி போட அதே மாதிரி ஒன்றைக் கட்டினாள். அவளுடையது பாதி ராத்திரியில் அணைந்து அணைந்து போயிற்று. என்ன கோளாறு என்று வந்து கேட்டாள். நான் போய்ப் பார்த்துவிட்டு, உமியை இறுக்கத் தெரியவில்லை, கையில் கவனம் இல்லை, இதெல்லாம் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை என்று அரைமணி நேரம் பேசினேன். என் மனைவி பக்கத்தில் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். இரண்டு நாளில் அந்த அடுப்பும் விடியும்வரை புகைய ஆரம்பித்தது. என் பேச்சின் பலன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுப்பு சரியாயிற்றே தவிர அவளுடைய இழுப்பு குறையவில்லை. கூடிக்கொண்டே போயிற்று. எனக்கு அது பிடிபடவில்லை. பிடிபடாதது எல்லாம் எனக்கு எரிச்சலாகத்தான் வரும். காலையில் அவள் முந்தானை ஈரமாக இருக்கும். தலைமுடி புகை நாறும். முற்றத்தில் அடுப்பு இருந்தால் நாறத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். மத்தியானத்தில் சுவரோரம் சாய்ந்தபடி தூங்கிவிடுவாள். ராத்திரி முழுக்கத் தூங்குகிறவளுக்குப் பகலில் என்ன தூக்கம் என்று ஏசினேன். வேலை குறைந்ததும் உடம்பு சோம்பல் பழகிவிட்டது என்றும் சொன்னேன். அவள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு சோறு வடிக்கப் போனாள். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் என் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போலிருக்கிறது.

ஐப்பசி மழை தொடங்கியதும் படுக்கவே முடியாமல் போயிற்று. ஒரு விடியற்காலை உதடெல்லாம் நீலம் பாரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் புகை உண்டா என்று கேட்டார். என் வாய் சும்மா இருக்குமா. புகை உண்டு, ஆனால் இவள் அதன் பக்கமே போக வேண்டியதில்லை என்று சொல்லி, அவருக்கும் ட்ரம்மும் பைப்பும் விளக்கினேன். அவர் காதில் வாங்கவில்லை. கடலும் புகையும் இல்லாத இடத்தில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் வந்து, பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய பஸ்ஸில் ஏரலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்று ராத்திரி தனியாக எல்லாம் செய்து, மூடிவிட்டுப் படுத்தேன். காலையில் அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. மீன் கொழகொழத்து நாறியது. உமியை இறுக்கியது போதவில்லை என்று மறுநாள் இன்னும் இறுக்கினேன். அதுவும் அணைந்தது. பைப்பைத் தோண்டி எடுத்துத் துடைத்து, வேறு மூட்டை உமியைப் போட்டேன். மூன்றாம் நாளும் அதே கதி. ஆத்திரத்தில் ட்ரம்மை எட்டி உதைத்தேன். சத்தம் கேட்டு, சங்கு குளிக்கிறவரின் மனைவி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் அண்ணாச்சி, ராத்திரி எந்திரிக்கலியா?"

எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று கேட்டேன்.

"அக்கா அப்படித்தான சொல்லித் தந்தாவ. கடக்காத்துல உமி நமுத்துப் போவுதாம். சாமத்துக்கு ஒரு தரம், விடியுததுக்கு முந்தி ஒரு தரம் எந்திரிச்சி, கம்பியால குத்திவிட்டு, குழல வச்சி ஊதணும், சாக்க நனைச்சிப் போடணும்னாவ. அவிய தெனமும் அப்படித்தான செய்தாவ. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். அதற்கும் ஒரு பொய். உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தேன். வறண்ட கச்சான் காற்றில், பட்டப்பகலில், பட்டறைக் கூரைக்குக் கீழே சோதித்தவன் நான். கடற்கரை ராத்திரியின் ஈரத்தில் அதே உமி என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கவில்லை. ஈரமான முந்தானை, புகை நாறிய முடி, மத்தியானத் தூக்கம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து எதிரே நின்றன.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்து அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். சாமத்தில் புகை மெலிந்தது. மூடியைத் திறந்து கம்பியால் குத்திவிட்டு, ஊதுகுழலை வைத்து ஊதினேன். புகை முகத்தில் அப்பியது. இரும்பு தூக்குகிற உடம்பு எனக்கு, நெஞ்சில் ஒரு குறையும் கிடையாது. அப்படியும் இருமி இருமி, இருபது தடவை ஊதிய பிறகுதான் கனல் சிவந்தது. பக்கத்தில் அவள் வைத்துவிட்டுப்போன தண்ணீர்ச் சட்டி இருந்தது, சாக்கு நனைப்பதற்கு. இருபது அடி நடக்க மூச்சில்லாதவள், ராத்திரிக்கு இரண்டு தடவை, இருந்த மூச்சை எல்லாம் இந்தக் குழலுக்குள் ஊதியிருக்கிறாள். பத்தடி தூரத்தில் நான் கிடந்து குறட்டை விட்டிருக்கிறேன். அழுதேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

மறுநாள் ஏரலுக்கு பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், மழை விட்டதும் கையோடு கூட்டிவர வேண்டும், இனி நானே விழித்திருப்பேன் என்று சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் கட்டிக்கொண்டு போனேன். அவள் புறவாசலில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என் கண் சிவந்திருந்ததையும், புருவம் கருகியிருந்ததையும் பார்த்துவிட்டாள். நான் சொல்லாமலே விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

சுளகைக் கீழே வைத்தாள். "மொத நாளே சாமத்துல அணைஞ்சி போச்சி, எதார்த்தமா முழிச்சதால ஊதிவிட்டேன், காலையில ஒங்க கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன், அதுக்குள்ள நீங்க காப்பி கூடக் குடிக்காம ஓடிப் போயி பட்டறையில எல்லாருட்டயும் சொல்லிட்டு வந்துட்டிய, அப்புறம் எப்படிச் சொல்லுததுன்னு விட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அத்தனை பேச்சையும் அவள் ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கவில்லை. எங்கள் வீட்டில், இரண்டு வருஷத்தில், அவள் இப்படி ஒன்றைத் தொடங்கி முடித்து நான் கேட்டதே இல்லை.

கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன். கேட்காமலே திரும்பி பஸ் ஏறினேன்.